கர்ப்பிணிக்கு மெத்தடோன் கொடுப்பது சரியா? பால்டிமோரிலிருந்து ஒரு பதில்

மார்ச் 9, 2024 (வாசகர் கேள்வி)

அமெரிக்காவில் ஹெராயின் பழக்கம் உள்ள கர்ப்பிணிகளுக்கு மெத்தடோன் என்ற இன்னொரு போதை மருந்தையே நாள்தோறும் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இது அக்கிரமம் இல்லையா? பெற்ற பாசம் இருந்தால் தானாக நிறுத்திவிட மாட்டார்களா? கறுப்பினப் பெண்களிடம்தான் இது அதிகம் என்கிறார்களே, அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு

அக்கிரமம் இல்லை. அதுதான் சிகிச்சை.

நான் பால்டிமோரில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் 17 ஆண்டுகள் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, நகரின் மேற்குப் பகுதியில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்று நடத்தும் உதவிக் குழுவுக்குக் கார் ஓட்டுகிறேன். போதைக்கு அடிமையான கர்ப்பிணிகளைக் காலையில் மெத்தடோன் மையத்துக்கும், நாள் வரும்போது மகப்பேறு மருத்துவரிடமும் அழைத்துப் போய்த் திரும்ப வீட்டில் விடுவேன்.

விடியற்காலை 5.15க்கு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். மையம் திறப்பதற்குள் வரிசை தெருமுனை வரை போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் செவிலியர் சின்ன பிளாஸ்டிக் குவளையில் சிவப்புத் திரவத்தை ஊற்றித் தருவார். அவர் பார்க்கும்போதே குடித்து, குவளையில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்து, பிறகு ஒரு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போகவில்லை என்பதற்கு அந்த வார்த்தைதான் சாட்சி. இப்போது நான் அழைத்துப் போகும் பெண் ஒவ்வொரு நாளும் "குட் மார்னிங்" என்பாள். ஏழாவது மாதம். மழையோ குளிரோ, ஒரு நாளும் தவறியதில்லை. பெற்ற பாசத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அது இதுதான்.

ஹெராயின், அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் போன்றவற்றின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு உடல் முறுக்கும், வாந்தி, நடுக்கம். மறுபடி எடுத்தால்தான் நிற்க முடியும். ஒரு நாளில் இது பல முறை நடக்கும். கருவும் கூடவே ஏறி இறங்கும். மெத்தடோன் ஒரு நாள் முழுவதும் ஒரே சீராக நிற்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. சாப்பிடலாம், தூங்கலாம், மருத்துவரிடம் போகலாம். கர்ப்பிணிகளுக்கு இதை 1970களிலிருந்து கொடுத்து வருகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் கரு கலைந்துவிடும், அதனால்தான் நிறுத்தச் சொல்வதில்லை.

மார்ச் 10

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திருத்த வேண்டும். நிறுத்தினால் கரு கலையும் என்பது பழைய அச்சம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே கருவைக் கொல்லும் என்று இன்று சொல்வதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறொரு காரணத்தை முன்வைக்கிறது: நிறுத்தியவர்களில் மிகப் பலர் மறுபடி பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் அதுவே உயிரைக் குடித்துவிடும். ஃபென்டனில் எல்லாவற்றிலும் கலந்திருக்கும் இந்தக் காலத்தில் இரண்டாவது வாய்ப்பு பல பேருக்குக் கிடைப்பதே இல்லை.

புப்ரெனார்ஃபின் என்று இன்னொரு மருந்தும் உண்டு. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மெத்தடோன் எடுத்த தாய்மாரின் குழந்தைகளோடு ஒப்பிட்டால் புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்த பின் வரும் நடுக்கத்துக்கு 89 சதவீதம் குறைவான மார்ஃபினே தேவைப்பட்டது. மருத்துவமனையில் இருக்க வேண்டிய நாட்களும் குறைந்தன. இதை மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம், விடியற்காலை வரிசை இல்லை. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வெள்ளையினக் கர்ப்பிணிகளைவிடக் கறுப்பினக் கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டில் எதுவாவது கிடைப்பது மிகவும் குறைவாக இருந்தது. நோய் ஒன்றே, மருந்து மட்டும் ஆள் பார்த்துப் போகிறது.

கோகெய்னுக்கும், அதைப் புகைக்கும் வடிவமான கிராக்குக்கும் உள்ள பழக்கத்துக்கு இப்படி ஒரு மருந்து கிடையாது. அங்கே ஆலோசனை, உடனிருப்பு, தங்கும் இடம், சிகிச்சையில் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் சிறு பரிசு. அவைதான் வழி.

மார்ச் 10, மாலை

"கறுப்பினப் பெண்களிடம்தான் அதிகம்" என்ற பகுதிக்கு வருகிறேன்.

புளோரிடா மாநிலத்தின் பினெல்லாஸ் கவுன்டியில் இதை எண்ணிப் பார்த்தார்கள், ஆய்வு 1990இல் வெளிவந்தது. பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த 715 பெண்களின் சிறுநீரைப் பெயர் இல்லாமல் பரிசோதித்தார்கள். மது அல்லது போதைப்பொருள் தடயம் இருந்தது வெள்ளையினப் பெண்களில் 15.4 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதம். அதே காலத்தில் அதிகாரிகளுக்குப் புகார் போனது யார் மேல்? கறுப்பினப் பெண்கள் மேல், ஏறக்குறைய பத்து மடங்கு.

இந்தப் பத்து மடங்கில் எனக்கும் பங்கு உண்டு. நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்குப் பிரசவப் பிரிவிலிருந்து சிறுநீர்க் குப்பிகள் வரும். மருந்துச் சோதனைக்கு என்று குறித்த குப்பிகள் எந்த மருத்துவமனைப் பிரிவிலிருந்து, எந்தத் தெருக்களில் வாழும் பெண்களிடமிருந்து வருகின்றன என்று சீட்டைப் பார்த்தாலே தெரியும். புறநகரிலிருந்து தனியார் காப்பீட்டோடு வந்தவர்களின் குப்பிகள் அந்தத் தட்டில் அபூர்வம். யார் சம்மதம் கேட்டார்கள், அந்தப் பெண்ணுக்கே இது தெரியுமா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இயந்திரத்தில் வைத்தேன், எண்ணைப் பதிந்தேன், அடுத்த குப்பியை எடுத்தேன். 17 ஆண்டுகள்.

மார்ச் 12

ஒரு வாசகர் தனிச்செய்தியில் இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் சரி.

முதலாவது, "போதைக்கு அடிமை" என்ற சொல். நம் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன, என் கையும் அப்படியே எழுதிவிட்டது. யாரைப் பற்றி எழுதுகிறேன்? இவர்களின் பாட்டிக்குப் பாட்டி இந்த மேரிலாந்து மண்ணில் ஏலம் விடப்பட்டு விற்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்டவரின் பேத்தியைக் கைபோன போக்கில் "அடிமை" என்று எழுதியிருக்கிறேன். வாசித்ததும் உடம்பு கூசியது. இனி அந்தச் சொல் என் குறிப்புகளில் வராது. பழக்கம் உள்ளவர், அவ்வளவே.

இரண்டாவது, நான் அழைத்துப் போகும் பெண்ணை "அவள்" போல ஒருமையில் எழுதியது. என் மகள் வயதுதான், அந்த உரிமையில் எழுதினேன். ஆனால் அந்த மையத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது எல்லோரும் அவரை அப்படித்தான் நடத்துகிறார்கள். ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை இல்லை, அங்கே குரலில் தெரியும். தமிழில் எனக்கு ஒரு "ர்" இருக்கிறது. அவர் என்றே எழுதுகிறேன்.

மார்ச் 13

இன்று காரில் அவரிடம் சொன்னேன், உங்களைப் பற்றி என் மொழியில் எழுதுகிறேன், அடையாளம் தெரியும் எதையும் எழுத மாட்டேன், சம்மதமா என்று. கைப்பேசியில் காட்டச் சொன்னார். தமிழ் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வளையம் வளையமாக இருக்கிறதே மிஸ் டி, என் காதணியைப் பார்த்தா வரைந்தார்கள்?" என்று சிரித்தார். அவர் காதில் பெரிய வளையங்கள். சம்மதம் என்றார். இங்கே வயதில் மூத்த பெண்ணைப் பெயருக்கு முன் "மிஸ்" சேர்த்து அழைப்பது இவர்களின் மரியாதை. நம் அக்கா, அம்மா போல.

மார்ச் 17

"கைது செய்தால் பயந்தாவது நிறுத்துவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்து பார்த்தார்கள்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம், 1989. அங்கே மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை, காவல் துறையோடும் அரசு வழக்கறிஞரோடும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தது. கர்ப்பிணிகளின் சிறுநீரில் கோகெய்ன் தெரிந்தால் முடிவு காவல் துறைக்குப் போகும். 30 பெண்கள் கைதானார்கள். 29 பேர் கறுப்பினத்தவர். பிரசவமான உடம்போடு, உதிரம் நிற்காத நிலையில் விலங்கு பூட்டி அழைத்துப் போனார்கள். பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2001 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: நோயாளியின் சம்மதம் இல்லாமல் காவல் துறைக்காகச் சோதனை செய்வது அரசமைப்புக்கு விரோதம். ஃபெர்குசன் வழக்கு என்று பெயர்.

அதே மாநிலத்தில் ரெஜினா மெக்நைட் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு 1999இல் குழந்தை இறந்து பிறந்தது. கோகெய்ன்தான் காரணம் என்று 2001இல் கொலைக் குற்றம் சுமத்தி 12 ஆண்டுச் சிறை கொடுத்தார்கள். 2008இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நடுவில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

பயந்து நிறுத்தினார்களா என்றால், பயந்து மருத்துவரிடம் வருவதை நிறுத்தினார்கள். நான் அழைத்துப் போகும் பெண் ஏழாவது மாதத்தில்தான் முதல் முறை பரிசோதனைக்கு வந்தார். அதுவரை வயிற்றை மறைக்கப் பெரிய குளிர்ச்சட்டை. ஏன் என்று ஒரு நாள் நானாகக் கேட்காமலே சொன்னார். அவர் அக்கா பரிசோதனைக்குப் போனார், உள்ளதைச் சொன்னார், பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: குழந்தை 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்பு இல்லத்தில் இருந்துவிட்டால், பெற்றவரின் உரிமையையே நிரந்தரமாக நீக்கும்படி மாநில அரசு மனு செய்ய வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, அக்காவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சிகிச்சைக்கு இடம் கிடைக்க, வீடு கிடைக்க, மனம் தேற 15 மாதம் போதுமா?

மார்ச் 18

கசகசா சாப்பிட்டால் போதைச் சோதனையில் காட்டுமா என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் இருந்தவள் என்பதால் கேட்கிறீர்கள். ஆம், உண்மை. கசகசா அபின் செடியின் விதை, அதன் மேல் மார்ஃபின் சிறிதளவு ஒட்டியிருக்கும். குருமாவில் அரைத்துவிட்டாலும் பாயசம் வைத்தாலும் மறுநாள் சிறுநீர்ச் சோதனையில் காட்டலாம். இந்தக் குழப்பத்தால்தான் அரசு வேலைக்கான சோதனையில் வரம்பை 1998இல் 300இலிருந்து 2000 நானோகிராமுக்கு உயர்த்தினார்கள். மருத்துவமனைகள் பலவற்றில் இன்னும் 300தான். கசகசா தூவிய ரொட்டி தின்ற கர்ப்பிணியின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து நிற்பது இப்படித்தான்.

முதல் சோதனை சந்தேகத்துக்கு உரியதைச் சலித்தெடுப்பது மட்டுமே. உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனை வந்த பிறகே முடிவு. அந்த இரண்டாவது வருவதற்குள் அதிகாரிகளுக்குத் தொலைபேசி போய்விடுகிறது. நியூயார்க் நகர அரசு மருத்துவமனைகள் 2020 நவம்பரில் கர்ப்பிணியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனை கூடாது என்று மாற்றின. எல்லா இடமும் மாற வேண்டும்.

மார்ச் 29

கப்பல் மோதி பால்டிமோரின் துறைமுகப் பாலம் இடிந்து மூன்று நாள் ஆகிறது. சுரங்கச் சாலைகளில் லாரிகள் நகரவே இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் 40 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் வேறு தேதி என்பது அங்கே விதி. வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. செய்தியில் உலகமே பார்த்த பாலம் அது. நான் குரலை உயர்த்தினேன். கூட வந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்தார்: "வேண்டாம் மிஸ் டி. நீங்கள் கத்தினால் என் கோப்பில்தான் எழுதுவார்கள்."

இனி நான் கத்தப் போவதில்லை. பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன், உதவிக் குழுவின் சமூகப் பணியாளர் மறுநாள் பேசுவார். அந்த வழிதான் நடக்கும்.

ஏப்ரல் 7

"கிராக் குழந்தைகள்" பற்றிக் கேட்டவருக்கு. 1980களின் இறுதியில், கிராக் எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் ஒரு தலைமுறையே மூளை வளராமல் போகும் என்று இங்கே பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. படங்களில் எல்லாம் கறுப்பினக் குழந்தைகள். ஹாலம் ஹர்ட் என்ற மருத்துவர் பிலடெல்பியாவில் 1989இல் தொடங்கி 224 குழந்தைகளை ஏறக்குறைய 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பாதிப் பேர் கருவில் கோகெய்ன் பட்டவர்கள், மீதிப் பேர் படாதவர்கள், எல்லோரும் ஏழைகள். நான்கு வயதில் அறிவுத்திறன் சோதனையில் முதல் பிரிவுக்கு 79, இரண்டாவதற்கு 81.9. வித்தியாசம் ஏறக்குறைய இல்லை, ஆனால் இரு பிரிவும் சராசரிக்கு நன்றாகக் கீழே. அப்புறம்தான் வேறு கேள்விகள் கேட்டார்கள். ஏழு வயதுக்குள் 81 சதவீதம் குழந்தைகள் யாரோ கைதாவதைப் பார்த்திருந்தார்கள். 74 சதவீதம் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். கோகெய்ன் நல்லது என்று யாரும் சொல்லவில்லை. வறுமை அதைவிடப் பெரிய கேடு என்பதுதான் அவர் கண்டது.

ஏப்ரல் 21

இன்னொரு திருத்தம். கேள்வி கேட்டவரிடம் வேறொரு இழையில், அமெரிக்காவில் தாய்மார் சாவதற்கு முதல் காரணம் போதை மிகையும் (அளவுக்கு மீறி எடுப்பதும்) தற்கொலையும் என்று எழுதியிருந்தேன். மொத்தமாகப் பார்த்தால் சரி. கறுப்பினத் தாய்மாரில் முதல் காரணம் இதயம். 2022 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 49.5 பேர் இறந்தார்கள், வெள்ளையினத்தவர் 19 பேர்.

இது ஏன் முக்கியம் என்றால், கோப்பின் முதல் பக்கத்தில் "ஹெராயின்" என்று இருந்தால், அந்தப் பெண் தலை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொல்லும்போது எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். என் காரில் இப்போது ரத்த அழுத்தக் கருவி ஒன்று இருக்கிறது. போதை மிகையிலிருந்து உயிரை மீட்கும் நாலக்சோன் மூக்குத் தெளிப்பானுக்குப் பக்கத்திலேயே. போன வியாழன், நான் அழைத்துப் போகும் பெண்ணுக்கு 152/98. நேராகப் பிரசவப் பிரிவுக்கே ஓட்டினேன். ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

மே 19

பெண் குழந்தை. இரண்டு கிலோ 800. தாயும் சேயும் நலம்.

மே 23

தூக்கம் இல்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெத்தடோன் எடுத்த தாயின் குழந்தைக்குப் பிறந்து ஓரிரு நாளில் நடுக்கம் வரலாம், ஓயாத அழுகை, தும்மல், பால் குடிக்கத் திணறல். குணமாகக்கூடியது. முன்பெல்லாம் குழந்தையைத் தூக்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டு, மதிப்பெண் பட்டியல் வைத்து மார்ஃபின் கொடுப்பார்கள். இப்போது மூன்றே கேள்வி: குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா? ஆம் என்றால் மருந்தே வேண்டாம், தாயின் மார்பும் இருட்டறையும் போதும். 26 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2023இல் வந்தது. இந்த முறையில் குழந்தைகள் 8.2 நாளில் வீடு திரும்பத் தயாரானார்கள், பழைய முறையில் 14.9 நாள்.

இரவு நான் கூட இருந்தேன். திரை போட்ட அறை. குழந்தையைச் சட்டைக்குள் வெறும் மார்பில் கிடத்திக்கொண்டு, முழங்காலை மேலும் கீழும் மெல்ல ஆட்டியபடி இருந்தார். பக்கவாட்டில் ஆட்டினால் அழுகை, மேலும் கீழுமாக ஆட்டினால் அமைதி. அதை அவரே கண்டுபிடித்திருந்தார். இரவு மூன்று மணிக்கு வந்த செவிலியர் ஒருவர், "இப்படி நடுங்குகிறதே, யார் காரணம் என்று தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டுவதையும் நிறுத்தவில்லை. காலையில் வந்த இன்னொரு செவிலியர், அவரும் கறுப்பினத்தவர், குனிந்து பார்த்து, "இவ்வளவு நன்றாகத் தூங்க வைத்திருக்கிறாயே, எனக்கும் சொல்லிக் கொடு" என்றார். அப்போதுதான் தாய் அழுதார்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மெத்தடோனில் நிலையாக இருக்கும் தாய் கொடுக்கலாம், கொடுக்கச் சொல்கிறார்கள். பாலில் போவது மிகச் சிறிய அளவு.

மே 30

குழந்தைகள் நலத் துறைப் பணியாளர் வீட்டுக்கு வந்து போனார். வராமல் இருக்க மாட்டார்கள். மருத்துவமனை தகவல் தர வேண்டும் என்பது மத்திய அரசு விதி. ஆனால் அந்தத் தகவல் கொடுமைப் புகார் ஆகாது, வழக்குப் போடவும் சொல்லவில்லை என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. குழந்தைக்கும் தாய்க்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுப்பதே நோக்கம். ஆகவே நாங்கள் எட்டாவது மாதத்திலேயே எழுதிவைத்திருந்தோம்: மையத்தின் கடிதம், மருத்துவரின் கடிதம், யார் எந்த நாளில் உடனிருப்பார், தொட்டில் எங்கே. பணியாளர் வந்தபோது தாய் உறையை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. வந்தவர் படித்துவிட்டு, தொட்டிலைப் பார்த்துவிட்டு, தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 16

உதவ என்ன செய்யலாம் என்று நியூஜெர்சி, டெக்சாஸ் நண்பர்கள் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். அந்த மக்களே தொடங்கி நடத்துவது உங்கள் ஊரிலும் இருக்கும், அங்கே போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். என்னிடம் கார் ஓட்டக் கேட்டார்கள். ஆலோசனை கேட்கவில்லை.

நியூயார்க்கின் ஹார்லெமில் கிளாரா ஹேல் என்ற மூதாட்டி இருந்தார். 1969இல் அவர் மகள், தெருவில் கைக்குழந்தையோடு மயங்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை அம்மாவிடம் அனுப்பினார். அதன் பின் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தன. நடுங்கும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் நடப்பதே அவர் மருத்துவம். 2023 ஆய்வைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அவருக்குப் பின் அந்த இல்லம் பண முறைகேட்டில் சிக்கியது, அதையும் மறைக்க வேண்டாம். அந்தக் கைகள் செய்ததை அது அழித்துவிடாது.

ஆகஸ்ட் 25

இழை ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது. எங்களுக்கு இனிமேல்தான் கடினமான காலம். மாசசூசெட்ஸ் கணக்குப்படி, பிரசவத்துக்குப் பின் ஏழாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதம் வரைதான் போதை மிகை விபத்துகள் உச்சத்தில் இருக்கின்றன. கர்ப்பமாக இருக்கும்போது ஊரே தாங்கும், பிள்ளை பிறந்தால் எல்லோரும் பிள்ளையைப் பார்ப்பார்கள், பெற்றவரை யார் பார்ப்பது? முன்பு ஏழைகளுக்கான அரசின் மெடிக்கெய்ட் காப்பீடும் பிரசவமாகி 60 நாளில் முடிந்துவிடும். 2022 ஏப்ரல் முதல் அதை 12 மாதமாக நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி செய்தார்கள். மேரிலாந்து நீட்டித்திருக்கிறது. இல்லாவிட்டால் ஜூலையிலேயே இவருக்கு மருந்து நின்றிருக்கலாம்.

நவம்பர் 24

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தது. குப்புற விழுந்து, தலையைத் தூக்கி என் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறாள்.

2024இல் விதிகள் மாறியதில், நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரை மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம். அவருடைய மையம் இப்போதைக்கு இரண்டு வாரத்துக்குத் தருகிறது. பூட்டுப் பெட்டியில் வைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். சாவி அவர் கழுத்தில்.

"இனி 5.15க்கு வர வேண்டாம் மிஸ் டி, தூங்குங்கள்" என்றார் நேற்று. அடுத்த மூச்சில், அவர் தெருவிலேயே ஒரு பெண் இருக்கிறார், மருத்துவரிடம் போகப் பயப்படுகிறார், தானே பேசி ஒத்துக்கொள்ள வைத்திருப்பதாகச் சொன்னார். முதல் நாள் தானும் கூட வருவாராம்.

திங்கள்கிழமை போகிறோம். அந்தப் பெண்ணுக்கு நான்காவது மாதம்.